வனிலாவுக்குப் பதில் எது, எத்தனை மில்லிலீற்றர்? வீட்டுக் கேக்கில் எசன்ஸ் மாற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

கேக் குறிப்பில் வனிலா ஒரு தேக்கரண்டி என்றிருக்கிறது. அலமாரியைத் திறந்தால் ஆமண்ட் எசன்ஸ்தான் கைக்கு வருகிறது. அதில் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் கேக் கசக்கும், இருமல் பாணி மணக்கும். பன்னீரில் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் வெந்த கேக்கில் எதுவுமே மணக்காது. கரண்டிக்குக் கரண்டி என்ற கணக்கு எசன்ஸ் விஷயத்தில் செல்லுபடியாகாது. போத்தலுக்குள் மணப்பொருள் சொற்பம், மீதி எல்லாம் அதைச் சுமந்து வரும் திரவம். அந்தத் திரவம் எது, மணம் எவ்வளவு செறிவு, ஓவன் சூட்டை அது எவ்வளவு தாங்கும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டால், எந்தப் போத்தலுக்குப் பதிலாக எந்தப் போத்தலையும் பயமில்லாமல் எடுக்கலாம்.

கீழே வரும் அளவுகளில் தேக்கரண்டி என்றால் 5 மி.லீ., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லீ. தேநீர் கலக்கும் கரண்டியை இதற்கு நம்ப வேண்டாம்.

போத்தலின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பழப்படம் இருக்கும். விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. கொழும்பு சுப்பர்மார்க்கட் தட்டுகளிலும் புறக்கோட்டையில் கேக் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் சின்னப் போத்தல்களில் பெரும்பாலானவை செயற்கை எசன்ஸ். பொருட்பட்டியலில் புரோபிலீன் கிளைக்கோல் அல்லது ஈ 1520 என்றிருந்தால் மணப்பொருள் அதில் கரைந்திருக்கிறது. கிளிசரின் என்றால் ஈ 422. எத்தில் அல்ககோல் என்றால் அது எக்ஸ்ட்ராக்ட் வகையாக, அதாவது உண்மைப் பொருளை அல்ககோலில் ஊறவைத்து எடுத்ததாக இருக்கலாம், அல்லது அல்ககோலில் கரைத்த செயற்கை எசன்ஸாகவும் இருக்கலாம். வனிலாக் காயின் சாறு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

உண்மையான வனிலா எக்ஸ்ட்ராக்டுக்கு அமெரிக்கச் சட்டம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: அல்ககோல் 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 100 கிராம் வனிலாக் காய் ஊறியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'ஒரு தேக்கரண்டி எக்ஸ்ட்ராக்ட்' என்று வந்தால் இந்தச் செறிவைத்தான் மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். அதாவது அரை கிராம் காயின் மணம். 'டபிள் ஃபோல்ட்' என்று போட்டிருந்தால் இரு மடங்கு செறிவு, பாதி போதும்.

எண்ணெயில் கரைந்த மணங்கள் தனி இனம். சொக்லட், மிட்டாய் வேலைக்கென்றே விற்பவை இவை. மிகச் செறிவானவை. தண்ணீரில் பிசினோடு கலந்து வெண்மையாக, சற்றுத் தடிப்பாக இருப்பது இமல்ஷன். அதை எக்ஸ்ட்ராக்டின் அளவுக்கே போடலாம், ஓவனிலும் மணம் நன்றாக நிற்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். அன்னாசி, வாழைப்பழம், ஸ்ட்ரோபெரி எசன்ஸ்களில் பலவற்றில் சாயம் சேர்ந்தே வருகிறது. ஈ 102 என்றிருந்தால் மஞ்சள் சாயம். வெள்ளை ஐசிங்கில் ஒரு கரண்டி விட்டுவிட்டு 'ஏன் மஞ்சளாகிவிட்டது' என்று தலையைச் சொறிவதில் பயனில்லை.

அயலிலுள்ள முஸ்லிம் வீட்டுக்குக் கேக் அனுப்புவதென்றால் அல்ககோல் இல்லாத, கிளிசரினில் கரைத்த எசன்ஸையோ வனிலாப் பவுடரையோ எடுங்கள். 'வெந்தால் அல்ககோல் பறந்துவிடும்' என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். முழுதாகப் பறப்பதும் இல்லை, முடிவு சாப்பிடுகிறவர்களுடையது.

அளவு பிடிக்கும் முறை

உண்மை வனிலா எக்ஸ்ட்ராக்டுக்கு அடிப்படைக் கணக்கு எளிது: கேக் கலவையின் எடையில் 1 சதவீதம். 250 கிராம் பட்டர், 250 சீனி, 250 மா, நாலு முட்டை, கொஞ்சம் பால் என்ற வழக்கமான பட்டர் கேக்கின் கலவை ஏறத்தாழ ஒரு கிலோ வரும். அதற்கு 10 மி.லீ., அதாவது இரண்டு தேக்கரண்டி. மற்றவை எல்லாம் இதிலிருந்து ஏறும் அல்லது இறங்கும். எவ்வளவு என்பது போத்தலுக்குப் போத்தல் மாறுவதால், புதுப் போத்தலை வாங்கியதும் ஒரு தடவை பாலில் சோதித்துவிடுவது உத்தமம்.

பாமசியில் 1 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, சிரிஞ்சை எசன்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். தண்ணீர் ஒரு மி.லீ. சுமார் 20 சொட்டாக விழும். அல்ககோல் கலந்த எக்ஸ்ட்ராக்டில் சொட்டு சிறியது, அதே ஒரு மி.லீ. 40 சொட்டைத் தாண்டிவிடலாம். ஆகவே 'பத்துச் சொட்டு' என்பது எந்தப் போத்தல் என்று தெரியாமல் அர்த்தமில்லாத அளவு.

1. இளஞ்சூடான பால் 100 மி.லீ. எடுத்து இரண்டு தேக்கரண்டி சீனி கரையுங்கள். எசன்ஸை இப்படி இனிப்போடுதான் பார்க்க வேண்டும். வெறும் எசன்ஸை நாக்கில் வைத்தால் எல்லாமே கசக்கும்.

2. வனிலா எசன்ஸ் என்றால் 0.2 மி.லீ. வீதமும், ஆமண்ட், பெப்பர்மின்ட், ரோஸ் போன்ற கடும் மணங்கள் என்றால் 0.05 மி.லீ. வீதமும் விட்டுக் கலக்கி, ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். இரண்டு தடவைக்கு இடையில் தண்ணீர் குடியுங்கள், மூக்கு சீக்கிரம் பழகிவிடும்.

3. மணம் தெளிவாக வந்து, கசப்போ மருந்து வாடையோ தொடங்காத இடத்தில் நிறுத்தி, போன அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அதைப் பத்தால் பெருக்கினால் ஒரு கிலோ கலவைக்கான அளவு. கேக் என்றால் இன்னும் கால் பங்கு கூட்டுங்கள். வேகவைக்காத ஐசிங், புடிங் என்றால் கூட்ட வேண்டாம்.

உதாரணமாக, ஆமண்ட் எசன்ஸ் 0.15 மி.லீ.இல் சரியாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு 1.5, கால் பங்கு கூட்டினால் ஏறத்தாழ 1.9 மி.லீ. அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. வனிலா போட்ட இடத்தில் இரண்டு தேக்கரண்டி ஆமண்ட் ஊற்றியிருந்தால் ஐந்து மடங்கு போயிருக்கும்.

விசேஷத்துக்கான கேக் என்றால் இன்னொரு படி: கலவையில் 60 கிராம் வீதம் மூன்று கடதாசிக் கிண்ணங்களில் எடுத்து, கணக்கிட்ட அளவு, அதன் முக்கால், அதன் ஒன்றரை மடங்கு என்று மூன்று விதமாகக் கலந்து, 170 பாகையில் 18 முதல் 20 நிமிடம் சுட்டு, மறுநாள் ருசி பாருங்கள். ஓவனிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் ஏமாறுவீர்கள். சூட்டில் பட்டர் மணம்தான் முன்னுக்கு நிற்கும். ஆறி, கேக் அடங்கிய பிறகே எசன்ஸ் தன் உண்மையான குரலில் பேசும்.

சூட்டுக்கு எது நிற்கும், எது ஓடும்

வாழைப்பழ எசன்ஸ் கலவையில் தூக்கலாக மணக்கும், வெந்த கேக்கில் தேடினாலும் கிடைக்காது. அந்த மணத்தைத் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டின் கொதிநிலை 142 பாகை செல்சியஸ். அன்னாசி மணத்துக்குப் பயன்படும் எத்தில் பியூட்டிரேட்டுக்கு 121 பாகைதான். ஆமண்டின் பென்சால்டிஹைட் 179, பெப்பர்மின்டின் மெந்தோல் 212, வனிலாவின் வனிலின் 280க்கும் மேல். கேக்கின் உள்பகுதி 100 பாகையைத் தாண்டாதுதான், ஆனாலும் கலவையிலிருந்து வெளியேறும் நீராவி இலேசான மணங்களை இழுத்துக்கொண்டு போகும். கொதிநிலை குறைந்தது முதலில் போகும்.

இதிலிருந்து வரும் நடைமுறை: பழ எசன்ஸைக் கேக்குக்குள் நம்ப வேண்டாம். அதை ஐசிங்கிலோ கேக்கின் மேல் பூசும் சீனிப்பாணியிலோ போடுங்கள். கேக்குக்குள் வனிலா இருக்கட்டும். மெல்லிய பிஸ்கட் இன்னும் கொடுமை. பரப்பளவு அதிகம், ஈரம் முழுவதும் வெளியேறும், ஓரம் 150 பாகையையும் தாண்டும். பிஸ்கட்டுக்கு எந்த எசன்ஸையும் ஒன்றரை மடங்கு போடலாம். விலை கூடிய உண்மை வனிலாவைப் பிஸ்கட்டில் கொட்டுவது காசைக் கரியாக்குவது. அதன் நுண்மையான துணை மணங்கள் சூட்டில் போய், வனிலின் மட்டும் மிஞ்சும், அதைச் செயற்கை எசன்ஸே தந்துவிடும். நல்ல வனிலாவைக் கஸ்டர்ட், பட்டர்க்ரீம், ஐஸ்கிறீமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எசன்ஸைப் பாலில் கலக்காமல் பட்டரும் சீனியும் அடிக்கும் கட்டத்திலேயே விடுவது நல்லது. மணப்பொருட்களில் பெரும்பாலானவை கொழுப்பில் ஒட்டிக்கொள்பவை, பட்டர் அவற்றைப் பிடித்து வைக்கும். அடுப்பில் காய்ச்சும் புடிங், கஸ்டர்டுக்கு மறுதலை: இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு.

வனிலாவை எடுத்துவிடும்போது

நம் வீடுகளில் கேக்குக்கு வனிலா போடுவதற்கு முதல் காரணமே முட்டை வெடுக்கை அடக்குவது. வேறு எசன்ஸுக்கு மாறும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வனிலாவை முழுதாக எடுத்துவிட்டு ஸ்ட்ரோபெரி போட்டால், ஸ்ட்ரோபெரியும் ஓடிப்போய் முட்டை மணம் தலைநீட்டும். பழி முட்டைக்காரர் மேல் விழும். ஆமண்ட், தேசிக்காய்த் தோல், ஏலக்காய், கறுவா ஆகியவை தாமாகவே வெடுக்கை அடக்கும். பழ எசன்ஸும் பன்னீரும் அடக்காது. அவற்றுக்கு மாறும்போது வனிலாவில் கால் பங்கையாவது விட்டுவையுங்கள். முட்டையில்லாமல் டின்பால் வைத்துச் செய்யும் கேக்கில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வனிலா பாதி போதும், ஏலக்காய் நன்றாகத் துலங்கும்.

எக்ஸ்ட்ராக்டுக்குப் பதில் செயற்கை வனிலா எசன்ஸ்: சம அளவில் தொடங்கலாம், ஆனால் பட்டியலில் எத்தில் வனிலின் என்றிருந்தால் பாதியில் தொடங்குங்கள். அது வனிலினைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வலியது. கூடினால் நாக்கின் பின்பக்கம் ஒரு காய்ந்த கசப்பு நிற்கும்.

வனிலாக் காய்: நடுத்தரக் காய் ஒன்று சுமார் 3 கிராம். நெடுக்காகக் கீறி, விதையைச் சுரண்டி, இரண்டையும் சூடான பாலில் அரை மணி நேரம் ஊறவிட்டால் இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி எக்ஸ்ட்ராக்டுக்குச் சமம். கண்டிப் பக்கத்திலும் வனிலா விளைகிறது. ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தச்சேர்க்கை செய்ய வேண்டிய பயிர் என்பதால் எங்கே வாங்கினாலும் விலை இறங்காது. ஊறிய காய்த்தோலை எறியாமல் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, 400 கிராம் சீனிக்குள் புதைத்து இரண்டு வாரம் மூடிவைத்தால் வனிலாச் சீனி கிடைக்கும். கொழும்பின் ஈரக் காற்றுக்கு அது கட்டிபடும். போத்தலின் அடியில் ஒரு சின்னத் துணிப்பையில் உலர்ந்த அரிசி போட்டு வைத்தால் ஓரளவு தப்பும்.

வீட்டிலேயே எக்ஸ்ட்ராக்ட் செய்வதென்றால் 100 மி.லீ. வொட்காவுக்கு 10 கிராம் காய். கீறிப் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை குலுக்கி, குறைந்தது எட்டு வாரம். ஆறு மாதம் விட்டால் இன்னும் நல்லது. காய் முழுவதும் அமிழ்ந்திருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் பூஞ்சணம் பிடிக்கும். தென்னஞ்சாராயத்திலும் ஊறும். அதன் மணமும் சேர்ந்து வரும், ரிச் கேக்குக்கு அது குறையே இல்லை.

போத்தலே இல்லை, வனிலாவுக்குப் பதில் ஏதாவது வேண்டும் என்றால் ஒரு கிலோ கலவைக்கு ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி, அல்லது நன்றாக அரைத்த கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி. கறுவாவோடு ஒரு சிட்டிகை சாதிக்காய் சேர்த்தால் இனிப்பு முழுமையாகத் தெரியும்.

ஆமண்ட்

வனிலாவின் அளவில் ஐந்தில் ஒன்று முதல் கால் பங்கு வரை. இதில் ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு: எசன்ஸ் இல்லாவிட்டால் பாதாமை அரைத்துப் போட்டால் அந்த மணம் வரும் என்று. வராது. ஆமண்ட் எசன்ஸின் மணம் கசப்புப் பாதாமுக்கும் அப்ரிகொட் கொட்டைக்கும் உரியது. நாம் சாப்பிடும் இனிப்புப் பாதாமில் அது அநேகமாக இல்லை. பாதாம் தூள் கேக்கை மென்மையாக்கும், மணம் தராது. மறுபுறம், பல ஆமண்ட் எசன்ஸ்களில் பாதாமே கிடையாது. இருந்தாலும் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லேபலைப் படிக்காமல் கொடுக்க வேண்டாம். லவ் கேக்கில் ஆமண்ட் எசன்ஸை மட்டும் நீக்கிவிட்டு 'பயமில்லை, சாப்பிடுங்கள்' என்று நீட்டுவதும் நடக்கிறது. உள்ளே கால் கிலோ கஜு இருக்கிறது!

தேசிக்காய், தோடம்பழம்

லெமன் எக்ஸ்ட்ராக்டில் புளிப்பு கிடையாது. அது தோலின் எண்ணெயை அல்ககோலில் கரைத்தது, பொதுவாக 5 சதவீத அளவில். ஆகவே ஒரு தேக்கரண்டி எக்ஸ்ட்ராக்டில் இருப்பது 0.25 மி.லீ. எண்ணெய். உணவுக்கான லெமன் எண்ணெய் கையில் இருந்தால் அந்த 0.25 மி.லீ.தான் அளவு. சிரிஞ்ச் இங்கேதான் உண்மையில் உதவும்.

எக்ஸ்ட்ராக்டுக்குப் பதில் சாற்றைப் பிழிந்தால் இரண்டு கெடுதல். மணம் தோலில் இருப்பதால் சாற்றில் வராது. புளிப்பு, கலவையிலுள்ள சோடாவோடு கிண்ணத்திலேயே நுரைத்துத் தீர்ந்துவிடும், ஓவனில் பொங்க மிச்சமிராது. பதிலுக்குத் தோலைச் சீவுங்கள். ஒரு தேக்கரண்டி லெமன் எக்ஸ்ட்ராக்டுக்கு எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவல் ஒரு மேசைக்கரண்டி, அல்லது நம் தேசிக்காயின் பச்சைத் தோல் துருவல் இரண்டு தேக்கரண்டி. தேசிக்காயின் மணம் கூர்மையானது. ஒரு காய்க்கு ஒரு தேக்கரண்டி அளவு துருவல் வரும். வெள்ளைச் சதை வந்துவிட்டால் கசப்பு. துருவும்போது ஒரே இடத்தில் இரண்டாம் தடவை இழுக்க வேண்டாம். இறக்குமதி எலுமிச்சை, தோடம்பழங்களில் மெழுகு பூசியிருக்கலாம். சூடான நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத் துருவுங்கள்.

துருவலை நேரே கலவைக்குள் போடாமல், சீனியோடு சேர்த்து விரல்களால் இரண்டு நிமிடம் நன்றாகத் தேயுங்கள். சீனிப் பரல் தோலின் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கும், சீனி ஈர மணல்போல ஆகும். இதைச் செய்வதற்கும் செய்யாததற்கும் உள்ள வித்தியாசம், துருவலை இரண்டு மடங்கு போட்டதுபோல இருக்கும்.

பன்னீரும் ரோஸ் எசன்ஸும்

பன்னீர் என்பது ரோஜா இதழை வடித்த நீர், மெல்லியது. ரோஸ் எசன்ஸ் செறிவூட்டிய மணம். பன்னீர் இரண்டு மேசைக்கரண்டி கேட்கும் லவ் கேக்கில் ரோஸ் எசன்ஸ் என்றால் கால் தேக்கரண்டியில் தொடங்கி, பால் சோதனையில் சரிபாருங்கள். கூடினால் சவர்க்காரத்தை நக்கியதுபோல இருக்கும், அதற்கு மருந்தில்லை. பன்னீரை எடுத்ததால் குறையும் 30 மி.லீ. ஈரத்தையும் ஈடுசெய்ய வேண்டும். ரவை போட்ட கேக் அது, ரவை ஊறித்தான் பதம் வரும். அந்த 30 மி.லீ.க்குத் தண்ணீரோ பாலோ விடுங்கள். ஒரு கிலோ கலவைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு உட்பட்ட மாற்றத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால்தான் கணக்கு.

முகத்துக்குப் பூசவென்று விற்கும் பன்னீரும் கடைகளில் உண்டு. உணவுக்கு உகந்தது என்று லேபலில் இல்லாவிட்டால் கேக்கில் ஊற்றாதீர்கள். வாசனைச் சிகிச்சைக்கென்று விற்கும் எண்ணெய்களுக்கும் இதே விதிதான்.

ரோஸ் மணமே பிடிக்காதவர்களுக்கு லவ் கேக்கில் அதற்குப் பதில்: ஏலக்காய்த் தூள் முக்கால் தேக்கரண்டி, தேசிக்காய்த் துருவல் ஒரு தேக்கரண்டி, சாதிக்காய் வழக்கம்போல. தேன் மணம் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

ரம்பை

பாண்டான் எசன்ஸ் கேட்கும் குறிப்புகளுக்கு வெளிநாட்டுப் பச்சைப் போத்தலைத் தேடி அலைய வேண்டாம், சந்தையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாக இருக்கும் ரம்பைதான் அது. பாஸ்மதி அரிசியின் மணமும் ரம்பையின் மணமும் ஒரே சேர்மத்தால் வருபவை. சாதாரண அரிசிச் சோற்றுக்கு நாம் ரம்பை போடுவது காரணமில்லாமல் அல்ல.

பத்து இலையைச் சின்னதாக நறுக்கி 100 மி.லீ. தண்ணீரோடு அரைத்து, துணியில் பிழிந்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இரவு முழுவதும் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். காலையில் அடியில் கரும்பச்சை வண்டல் படிந்திருக்கும். மேல்நீரை மெதுவாக வடித்து எறியுங்கள், அதில் புல் மணம்தான் அதிகம். வண்டலே மணச்சாறு. ஒரு கிலோ கலவைக்கு இரண்டு மேசைக்கரண்டி, பாலில் அதே அளவைக் குறைத்துக்கொண்டு. மூன்று நான்கு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். நிறம் வேண்டாம், மணம் மட்டும் போதும் என்றால் 200 மி.லீ. தேங்காய்ப்பாலில் இரண்டு இலையை முடிந்து போட்டு, கொதிக்கவிடாமல் பத்து நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள். வட்டிலப்பத்துக்கும் இது பொருந்தும்.

கோப்பி, ரம், பிராண்டி, பெப்பர்மின்ட்

கோப்பி எசன்ஸ் வாங்கத் தேவையே இல்லை. உடனடிக் கோப்பித் தூள் ஒரு தேக்கரண்டியை ஒரு தேக்கரண்டி கொதிநீரில் கரைத்தால் முடிந்தது.

ரம் எசன்ஸ் ஒரு தேக்கரண்டிக்குப் பதில் ரம் இரண்டு மேசைக்கரண்டி, ஈரம் 25 மி.லீ. குறைத்து. மறுபக்கமாக, ரிச் கேக்கில் பழம் ஊற 60 மி.லீ. பிராண்டி விடும் இடத்தில் குடிவகை வேண்டாம் என்றால் 60 மி.லீ. தோடம்பழச் சாறும் அரைத் தேக்கரண்டி பிராண்டி எசன்ஸும் சேர்க்கலாம். அந்த எசன்ஸே அல்ககோலில் கரைத்ததாக இருக்கலாம், லேபலைப் பாருங்கள். மணம் கிட்டத்தட்ட வரும், ஆயுள் வராது. பிராண்டி ஊறிய ரிச் கேக் வாரக்கணக்கில் வெளியே இருக்கும். சாறு ஊறியது இந்த வெக்கையில் நாலைந்து நாளில் பூஞ்சணம் பிடிக்கலாம், குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள்.

பெப்பர்மின்ட் எசன்ஸ் வனிலாவின் எட்டில் ஒன்றில் தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்காதீர்கள், அடுத்த மூன்று கேக்கிலும் அது இருக்கும்.

சொக்லட், முட்டை வெள்ளை, பட்டர்க்ரீம்

உருகிய சொக்லட்டில் தண்ணீரோ அல்ககோலோ கலந்த எசன்ஸ் சில சொட்டு விழுந்தாலே அது திரண்டு மண்போல ஆகிவிடும். சீனியும் கோக்கோத் துகளும் அந்தச் சொட்டு ஈரத்தில் ஒட்டிக்கொள்வதே காரணம். அச்சில் ஊற்றும் சொக்லட்டுக்கு எண்ணெயில் கரைந்த மணம் மட்டும். திரண்டுவிட்டால் அச்சுக்கு அது உதவாது. சூடான பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு அடித்தால் இளகி, கேக்குக்கு மேல் ஊற்றும் கலவையாகவாவது ஆகும்.

முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் மெரிங்கில் நேர் எதிர். எண்ணெய் மணம் நுரையைச் சரிக்கும். அல்ககோல் அல்லது கிளைக்கோல் எசன்ஸை, நுரை விறைத்து நின்ற பிறகு கடைசியில் விடுங்கள்.

250 கிராம் பட்டர், 500 கிராம் ஐசிங் சீனி பட்டர்க்ரீமுக்கு வனிலா எக்ஸ்ட்ராக்ட் இரண்டு தேக்கரண்டி. செயற்கை எசன்ஸ் என்றால் ஒன்றில் நிறுத்துங்கள், சூடு படாததால் அதன் கூர்மை அப்படியே தெரியும். ஒரு சிட்டிகை உப்பு அந்தக் கூர்மையை மழுக்கும். மணத்துக்காகப் பன்னீரையோ சாற்றையோ மேசைக்கரண்டிக் கணக்கில் ஊற்றினால், மின்விசிறி இல்லாத கொழும்பு மத்தியானத்தில் பூ விரித்த ஐசிங் கேக்கின் பக்கவாட்டில் இறங்கி நடக்கும்.

ஒரு மாற்றம், முழுதாக

வனிலாப் பட்டர் கேக்கைத் தேசிக்காய்-ஏலக்காய் கேக்காக மாற்றுவது. குறிப்பிலுள்ளது: பட்டர், சீனி, மா தலா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, முட்டை நாலு, பால் 60 மி.லீ., வனிலா இரண்டு தேக்கரண்டி.

1. வனிலாவை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள். குறைந்த ஈரம் 7.5 மி.லீ.தான், விட்டுவிடலாம்.

2. மூன்று தேசிக்காயின் தோலைத் துருவி சீனியோடு தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள்.

3. ஏலக்காய் ஏழெட்டை உடைத்து, விதையை மட்டும் ஒரு தேக்கரண்டி சீனியோடு இடித்துச் சலித்து, அதில் அரைத் தேக்கரண்டி எடுங்கள். கோதோடு அரைத்தால் நாரும் சாம்பல் நிறமும்தான் மிச்சம்.

4. பட்டர் மென்மையாக இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. மணச்சீனி, ஏலக்காய், வனிலா மூன்றையும் சேர்த்து வெளுக்கும்வரை அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பேக்கிங் பவுடரோடு சலித்த மாவையும் பாலையும் மாறிமாறிச் சேருங்கள்.

5. எட்டு அங்குலத் தட்டில் 170 பாகையில் 50 முதல் 60 நிமிடம்.

6. புளிப்பு வேண்டுமா, அதை இப்போது தரலாம். இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளியில் 50 கிராம் சீனியைக் கரைத்து, கேக் சூடாக இருக்கும்போதே குச்சியால் குத்திப் பூசுங்கள்.

பிழைத்துப்போனால்

சுட்டபின் மணம் போதவில்லை என்றால் கேக்கை எறிய வேண்டாம். 100 கிராம் சீனியை 100 மி.லீ. தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் அரைத் தேக்கரண்டி எசன்ஸ் விட்டு, அதில் 50 மி.லீ. வரை தூரிகையால் பூசுங்கள். மறுநாள் வெட்டுங்கள்.

மணம் கூடிவிட்டது கலவை நிலையிலேயே தெரிந்தால் ஒரே வழி, எசன்ஸ் இல்லாத இன்னொரு கலவையை அடித்து இரண்டையும் சேர்ப்பது. சீனி கூட்டுவது உதவாது. சுட்டபின் தெரிந்தால், கேக்கை உதிர்த்து மணமில்லாத கஸ்டர்டோடு அடுக்கிப் புடிங்காக்கலாம். பாலும் கொழுப்பும் கடும் மணத்தை மழுக்கும்.

ரிபன் கேக்கில் நிறத்துக்கொரு எசன்ஸ் போடும்போது ஒரு அடுக்கு மற்றதை விழுங்கிவிடுவது வழக்கமான புகார். ரோஸ் அடுக்கும் ஆமண்ட் அடுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஆமண்ட்தான் வெல்லும். அதைப் பாதியாக்குங்கள், அல்லது நடுவில் வனிலா அடுக்கை வையுங்கள்.

போத்தலை வைக்கும் இடம்

அடுப்புக்கு மேல் தட்டு எசன்ஸுக்கு எமன். சூடும் வெளிச்சமும் லெமன், தோடம்பழ மணங்களை ஓரிரு மாதத்தில் வார்னிஷ் மணமாக்கும். அவற்றைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் வைக்கலாம். வனிலா எக்ஸ்ட்ராக்டுக்குக் குளிர் வேண்டாம், இருட்டான அலமாரி போதும். மூடியை இறுக்குங்கள். அல்ககோல் பறந்தால் மீதி கெட்டியாகி உங்கள் அளவுகளும் மாறிவிடும்.

பழைய ஆமண்ட் எசன்ஸ் போத்தலின் கழுத்தில் வெண்ணிறப் பளிங்குகள் தெரிந்தால் அது சீனியல்ல. பென்சால்டிஹைட் காற்றில் பென்சோயிக் அமிலமாக மாறியிருக்கிறது, மணமும் பெரும்பாலும் போயிருக்கும். சந்தேகமான எந்தப் போத்தலிலும் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசிக் கீற்றில் விட்டு, பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். முதலில் அடிப்பது கரைப்பானின் வாடை, பத்து நிமிடத்துக்குப் பிறகு நிற்பதே கேக்கில் வரப்போவது. ஒன்றும் நிற்கவில்லை என்றால் புதுப்போத்தல் வாங்கும் நேரம். வாங்கியதும், திறந்த திகதியையும் பால் சோதனையில் வந்த மில்லிலீற்றரையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள்.